தோட்டத்துக் கேள்வி-பதில்: காய்ந்த பூக்களில் ஒரு வளையம்

போன இதழில் தோட்டத்துப் பூக்களைக் காயவைத்து வளையமாகக் கட்டிக் கதவில் மாட்டுவதைப் பற்றி இரண்டே பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டேன்.

மல்லிகை, செம்பருத்தி, நந்தியாவட்டை மூன்றையும் காயவைத்துப் பார்த்தேன் அம்மா. மூன்றும் பழுப்பாகிச் சுருண்டுவிட்டன. என்னிடம் இருப்பதே இந்தச் செடிகள்தான். வளையத்துக்கு எந்தப் பூ நிற்கும்?

செடியில் இருக்கும்போதே இதை விரலால் கண்டுபிடித்துவிடலாம். பூவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்லத் தேயுங்கள். ஈரமாக நசுங்கினால் அந்தப் பூ காய்ந்ததும் சுருங்கிவிடும். சரசரவென்று சத்தம் வந்தால் நிற்கும். மல்லிகையும் செம்பருத்தியும் மெல்லிய இதழில் நிறையத் தண்ணீரை வைத்திருப்பவை. தண்ணீர் போனால் இதழைத் தாங்க உள்ளே ஒன்றும் இருக்காது. உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை.

காய்ந்தும் உருவம் மாறாத பூக்கள் பலவற்றில் நாம் இதழ் என்று நினைப்பது இதழே இல்லை. வாடாமல்லியை ஒருமுறை கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊதாவாகத் தெரிவதெல்லாம் பூவடிச் செதில்கள், அதாவது பூவை ஒட்டி முளைக்கும் உருமாறிய இலைகள். அவற்றின் இடுக்கில் வெளிறிய புள்ளி மாதிரி எட்டிப் பார்ப்பதுதான் நிஜமான பூ. போகன்வில்லாவிலும் இதே கதைதான்: நிறமெல்லாம் செதில், நடுவில் வெள்ளைக் குழலாக நிற்பது பூ. ஸ்டேட்டிஸில் நிறம் தருவது புல்லி, அதாவது இதழுக்கு வெளியே இருக்கும் அடுக்கு. அதன் சின்ன வெள்ளை இதழ் உதிர்ந்தாலும் நிறம் அப்படியே நிற்கும். ஹைட்ரேஞ்சியாவிலும் விரிந்து தெரிவது புல்லிதான். ஸ்ட்ராஃப்ளவரில் மறுபடியும் செதில். இந்தச் செதில்களில் பல செடியிலேயே பாதி காய்ந்த மாதிரி இருப்பவை. காயவைப்பது நமக்கு மீதி வேலை, அவ்வளவுதான்.

நிறத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ரோஜாவின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற சாயத்தால் வருவது. அது அமிலத்தன்மை மாறினால் தானும் மாறும். கூடவே இதழ் சுருங்கச் சுருங்க நிறம் அடர்ந்து, சிவப்பு ரோஜா கருஞ்சிவப்பாகி, சில வகைகளில் கறுப்பாகவே தெரியும். வாடாமல்லி, கோழிக்கொண்டை, போகன்வில்லா மூன்றிலும் இருப்பது பீட்டாலெய்ன் என்ற வேறு சாயம், பீட்ரூட்டில் இருக்கும் அதே இனம். நன்றாக உலர்ந்து, வெயில் படாமல் இருந்தால் இது நிறத்தை நெடுநாள் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோஜாதான் வேண்டும் என்பவர்கள் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு வகைகளை எடுங்கள். வெள்ளைப் பூ எதுவானாலும் கடைசியில் தந்த நிறத்துக்கு வந்துவிடும்.

உங்கள் தோட்டத்துக்கு என் யோசனை இது. மல்லிகைக் கொடியை வளையம் பின்ன வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் படும் இடத்தில் வாடாமல்லி விதை போடுங்கள், ஏறக்குறைய மூன்று மாதத்தில் பூத்துவிடும். அதுவரை வேலியோரத்தைப் பாருங்கள். துத்திக்காய் காய்ந்தால் பல்சக்கரம் மாதிரி நிற்கும். புல் கதிர், தாமரைக் காய், வெடித்த பருத்திக்காய் எல்லாமே வளையத்துக்கு வரும். பூவை மட்டும் வைத்துக் கட்டிய வளையத்தைவிட நடுநடுவே காயும் கதிரும் சேர்ந்ததுதான் எனக்குப் பிடிக்கும். பூவின் நிறம் அப்போதுதான் எடுத்துத் தெரிகிறது.

தலைகீழாகக் கட்டி, நல்ல காற்று வரும் ஜன்னல் ஓரம் தொங்கவிட்டேன். பத்து நாளில் எடுத்துக் கட்டினேன். மாட்டிய வாரமே நிறம் வெளிறி, ரோஜாக்கள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன.

ஜன்னலும் பத்து நாளும்தான் காரணம். காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டாம். பூ காயும் நேரத்தில்தான் வெளிச்சம் நிறத்தை அதிகமாகத் தின்னும். நான் தொங்கவிடுவது ஸ்டோர் ரூமில், மேல் சுவரில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டிய ஒரு கம்பியில். கதவு எப்போதும் ஒரு கை அகலம் திறந்திருக்கும். அந்த அறையில் விளக்குப் போடுவது அபூர்வம்.

அப்புறம் கழுத்து. பூவுக்குக் கீழே ஒரு விரல் அளவு காம்பைத்தான் கழுத்து என்கிறேன். இதழ் மேலே மொறுமொறுவென்று ஆகிவிடும், காம்பின் நுனியும் காய்ந்துவிடும், ஆனால் கழுத்துக்குள் ஈரம் நிற்கும். உங்கள் ரோஜாவுக்கு நடந்தது இதுதான். கம்பியிலிருந்து எடுக்கும் முன் ஒரே ஒரு பூவைத் தியாகம் செய்யுங்கள். கழுத்தை ஒடித்தால் ‘டக்’ என்று முறிய வேண்டும். வளைந்தால், நார் மாதிரி இழுபட்டால், மறுபடி தொங்கவிடுங்கள். சாதாரணமாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். கோழிக்கொண்டை போல அடர்த்தியான பூவுக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதலாகக் கொடுங்கள். செண்டுமல்லிக்கும் அப்படித்தான், அதன் அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணம் ஈரத்தை விடவே விடாது.

கட்டும்போது எட்டுப் பத்துக் காம்புக்கு மேல் ஒரு கொத்தில் வேண்டாம், நடுவில் இருப்பது பூஞ்சை பிடிக்கும். இலையை உருவிவிடுங்கள். நூலால் கட்டாமல் ரப்பர் பேண்ட் போடுங்கள். காம்பு காய்ந்து மெலியும்போது நூல் தளர்ந்து கொத்து முழுக்கத் தரையில் கிடக்கும், ரப்பர் பேண்ட் கூடவே இறுகும்.

பறிக்கும் நேரத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை, ஆனால் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. மழை பெய்யாத நாளில், காலைப் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் பறியுங்கள். ரோஜா பாதி விரிந்த மொட்டாக இருக்க வேண்டும். முழுக்க விரிந்தது உதிரும். ஸ்ட்ராஃப்ளவரை வெளிச் செதில் இரண்டு மூன்று வரிசை விரிந்து நடு மூடியிருக்கும்போதே பறித்துவிடுங்கள். பறித்த பிறகும் அது விரிந்துகொண்டே போகும். லாவெண்டரில் கதிரின் அடியில் மூன்றில் ஒரு பங்கு பூத்திருந்தால் போதும். வாடாமல்லி இதற்கு நேர்மாறு: உருண்டை முழுசாகத் திரண்டு கெட்டியான பிறகுதான். ஹைட்ரேஞ்சியாவை அவசரப்பட்டுப் பறித்தால் வதங்கும். செடியிலேயே தொட்டால் காகிதம் போல ஆகட்டும், பிறகு கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய ஜாடியில் நிற்கவைத்து, அந்தத் தண்ணீர் தானாக வற்றும்வரை விட்டுவிடுங்கள்.

அம்மா, நான் கல்லூரி மாணவன். இன்னும் ஒரு வாரத்தில் அக்காவுக்குப் பிறந்தநாள். வெளியே மழை. ஒரு வாரத்தில் பூ காயுமா?

காயும் தம்பி, சிலிக்கா ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துப் புட்டியில் வரும் சின்னப் பொட்டலம் போதாது, மணல் மாதிரி நைஸாக இருப்பது வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு விரல் உயரம் பரப்பி, காம்பைக் குட்டையாக வெட்டிய பூவை முகம் மேலே பார்க்க வையுங்கள். பூவின் தலையில் கொட்டாதீர்கள். சுற்றிலும் ஓரத்தில் விட்டுக்கொண்டே வந்தால் அது தானாக இதழ்களுக்கு நடுவே ஏறும். இதழின் அடியிலும் மேலும் ஒரே அளவு இருந்தால்தான் உருவம் மாறாது. முழுக்க மூடியதும் டப்பாவை அடைத்துவிடுங்கள். ரோஜா, ஜின்னியா போன்றவை நாலு முதல் ஏழு நாளில் காய்ந்துவிடும். நாலாம் நாளிலிருந்து ஒரு பூவை எடுத்துப் பாருங்கள், அதிகமாக விட்டால் தொட்டதும் நொறுங்கும்.

வாங்கும்போது நீல நிறச் சிலிக்கா வேண்டாம். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிறத்தைக் கேளுங்கள். கொட்டும்போது தூசி மூக்கில் ஏறும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பழைய நிறம் வரும், மறுபடி பயன்படும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இப்படிக் காய்ந்த ரோஜா, மழைக்காற்றில் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு தளர்ந்துவிடும். அதனால் அக்காவின் வளையத்தை அறைக்குள் மாட்டச் சொல்லுங்கள்.

வளையத்துக்கு அடித்தளம் கடையில் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். கவாத்து பண்ணும்போது வெட்டிப் போடுகிற கொடியே போதும். திராட்சை, மல்லிகை, ரங்கூன் மல்லி எதுவானாலும் சரி, பச்சையாக இருக்கும்போதே இலையை உருவிவிட்டு, மூன்று நாலு சுற்றுச் சுற்றி, நுனியை வளையத்தைச் சுற்றிச் சுற்றி நுழைத்துவிடுங்கள். ஒரு வாரம் காய்ந்ததும் கொடி மெலிந்து தொளதொளவென்று ஆகும். அப்போது இன்னொரு கொடியைச் சுற்றி இறுக்குங்கள். காய்ந்த கொடிதான் கைவசம் இருக்கிறதென்றால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவையுங்கள், வளையும்.

அளவில் ஒரு கணக்கு: பூ வைத்து முடித்ததும் வளையம் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் பெரிதாகிவிடும். 30 சென்டிமீட்டர் அடித்தளம் 40, 45க்கு வந்து நிற்கும். கதவை அளந்துவிட்டுப் பின்னுங்கள்.

கட்டத் தெரியவில்லை. ஒரு இடத்தில் குவிகிறது, ஒரு இடத்தில் கொடி தெரிகிறது. முடிக்கிற இடத்தில் காம்பெல்லாம் வெளியே நிற்கிறது. படிப்படியாகச் சொல்ல முடியுமா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. முதலில் கட்டவே கட்டாதீர்கள். எல்லாக் குட்டிக் கொத்துகளையும் முன்கூட்டியே தயார் பண்ணி மேஜையில் வரிசையாக வையுங்கள். நாலைந்து காம்பு ஒரு கொத்து, நீளம் ஒரு கை விரல் அளவு. பின்னால் நீளமான கதிர், நடுவில் பூ, முன்னால் குட்டையாக ஒரு வாடாமல்லி. எத்தனை கொத்து வேண்டும்? 30 சென்டிமீட்டர் அடித்தளத்தின் சுற்றளவு 94 சென்டிமீட்டர். நாலரை சென்டிமீட்டருக்கு ஒரு கொத்து என்றால் இருபத்தொன்று. கூட நாலைந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் இரண்டு நொறுங்கும். பாதியில் பூப் போதாமல் போவதுதான் குவியலுக்கும் இடைவெளிக்கும் காரணம்: ஆரம்பத்தில் தாராளமாக வைப்போம், பின்னால் இழுத்து இழுத்து வைப்போம்.

இப்போது மெல்லிய கம்பி, 24 கேஜ் சரியாக இருக்கும். கட்டடத்துக்குப் பயன்படும் கட்டுக்கம்பி தடிமன், அது காம்பை வெட்டிவிடும். கம்பியின் நுனியை வளையத்தில் முறுக்கிவிட்டு, முதல் கொத்தை வைத்துக் காம்பின் மேல் மூன்று சுற்று. கம்பியை வெட்டாதீர்கள். அடுத்த கொத்தின் தலை, முந்தைய கொத்தின் காம்பை மறைக்க வேண்டும். மறுபடி மூன்று சுற்று. எல்லாத் தலையும் ஒரே திசையைப் பார்க்கட்டும். ஒன்று உள் விளிம்பைப் பார்த்துச் சாய்ந்தால், அடுத்தது நடுவில், அதற்கடுத்தது வெளி விளிம்புப் பக்கம். இந்தச் சாய்வை விட்டுவிட்டால் நடுவில் மட்டும் மேடாகி உள்ளே கொடி தெரியும்.

சுற்றும் கை இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் இழுக்கக் கூடாது. கம்பி காம்பின் மேல் அழுந்தி உட்காரும்போது விரல் நுனிக்கே ஒரு தடை தெரியும், அங்கே நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் காம்பு முறிகிற சத்தம் கேட்கும். கை பழகப் பழக அந்த இடம் தானாகத் தெரியும்.

முடிக்கிற இடம். கடைசி இரண்டு கொத்துகளைக் காம்பு குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். முதல் கொத்தின் தலைகளை இடக் கையின் நாலு விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்து, கடைசிக் கொத்தின் காம்பை அதன் அடியில் செருகுங்கள். கம்பியையும் அடியிலேயே சுற்றி, பின்பக்கம் ஒரு கண்ணியில் நுழைத்து முறுக்குங்கள். விரலை எடுத்ததும் முதல் கொத்து கீழே இறங்கி எல்லாவற்றையும் மூடிவிடும். மிச்சம் தெரிகிற இடத்துக்கு ஒரு துத்திக்காய் போதும்.

இதற்கு முன் வேலை நடக்கும் அறையில் ஃபேனை நிறுத்திவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பூ ரொம்ப நொறுங்குகிறது என்றால், ஈரமான காற்றுள்ள அறையில் ஒரு அரை மணி நேரம் வைத்தால் கொஞ்சம் இளகும்.

கம்பிக்குப் பதில் குளூ கன்னால் ஒட்டலாமா?

கொத்துக்குக் கம்பிதான். தலை மட்டும் உள்ள பூவுக்கும் காய்க்கும் குளூ கன் பரவாயில்லை, குறைந்த சூட்டில் வேலை செய்யும் வகையாக இருக்கட்டும். வெயில் நேரடியாக விழும் கதவில் அந்தப் பசை இளகும்.

ஸ்ட்ராஃப்ளவருக்குப் பசையே தேவையில்லை. அதன் காம்பு காய்ந்தால் தலையைத் தாங்காது. அதனால் பறித்த அன்றே காம்பை வெட்டிவிட்டு, அடியிலிருந்து மெல்லிய இரும்புக் கம்பியைத் தலைக்குள் குத்துங்கள், மேலே எட்டிப் பார்க்க விடாதீர்கள். பூ காய்ந்து சுருங்கும்போது கம்பியைக் கவ்விக்கொள்ளும். பூவின் ஈரத்தில் கம்பி லேசாகத் துருப்பிடித்து இன்னும் இறுகும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் துருப்பிடிக்காத கம்பி வேண்டாம்.

என் வளையத்தில் ஸ்ட்ராஃப்ளவர் மழை நாளில் மூடிக்கொள்கிறது, வெயில் வந்ததும் விரிகிறது. இன்னும் உயிர் இருக்கிறதா அம்மா?

எவ்வளவு அழகாகக் கவனித்திருக்கிறீர்கள்! உயிர் இல்லை. அந்தச் செதில்கள் செடியில் இருக்கும்போதே உயிரற்ற திசுதான். காற்றில் ஈரம் ஏறினால் செதிலின் ஒரு பக்கம் மறு பக்கத்தைவிட அதிகமாக உப்பும், அதனால் உள்பக்கமாக வளையும். காய்ந்தால் திரும்பும். அவை மூடுகிற நாட்களில் வளையத்தைக் கதவிலிருந்து எடுத்து உள்ளே வையுங்கள். மற்ற பூக்களும் அப்போது ஈரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்பா வளர்த்த ரோஜாச் செடி. அவர் போன பிறகு பூத்த பூக்களை ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்தேன். எல்லாம் இதழ் இதழாக உதிர்ந்துவிட்டன. இவற்றை வளையத்தில் வைக்க வழி உண்டா?

உண்டு. இதழ்களை ஒட்ட முயற்சி பண்ண வேண்டாம், உடைந்துபோவது உங்களுக்கு வருத்தம் தரும். மெல்லிய வலைத்துணியில் சின்னப் பையாகத் தைத்து, இதழ்களை அதில் போட்டு, வளையத்தின் அடியில் கட்டித் தொங்கவிடுங்கள். நிறம் வெளியே தெரியும், ஒன்றுகூடக் கீழே விழாது. செடியின் நீளமான குச்சிகளை, இளசாக இருக்கும்போது முள்ளை நீக்கிவிட்டு வளைத்தால் அடித்தளமும் அதே செடியாகிவிடும். அடுத்த முறை பூக்கும்போது பாதி விரிந்த மொட்டாகப் பறித்து நாலைந்து மட்டும் காயவைத்து மேலே சேருங்கள். வேறு பூ எதையும் இதில் கலக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

15 சென்டிமீட்டர் அளவில் சின்னதாகக் கட்டி, ஆழமான கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தால் தூசியும் ஈரமும் அண்டாது. வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். திறந்து மாட்டிய வளையம் ஒன்றிரண்டு வருடம் பார்க்க நன்றாக இருக்கும், சட்டத்துக்குள் அதைவிடக் கூடுதலாக இருக்கும். எப்படியிருந்தாலும் அந்தச் செடியிலிருந்து பென்சில் பருமனில் இரண்டு குச்சி வெட்டி வேறு தொட்டியில் ஊன்றிவிடுங்கள். தாய்ச் செடிக்கு ஏதாவது ஆனாலும் அப்பாவின் ரோஜா உங்களிடம் இருக்கும்.

வளையத்துக்குக் கீழே தினமும் மாவு மாதிரி தூள் விழுகிறது. பூவில் சின்னச் சின்ன ஓட்டைகள். என்ன செய்வது?

வண்டு. எள்ளளவில் செம்பழுப்பாக ஒன்று ஊர்ந்தால் அது பெரும்பாலும் புகையிலை வண்டு. பேர்தான் புகையிலை, உலர்ந்த செடி எதையும் தின்னும். ஓட்டை போடுவது உள்ளே இருக்கும் அதன் புழு. மருந்து அடிக்காதீர்கள், பூவும் பாழாகும், வீட்டுக்குள்ளும் நல்லதில்லை.

வளையத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஃப்ரீசரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் ஆர்வத்தில் பையைத் திறந்துவிடாதீர்கள். ஒரு முழு நாள் மூடியபடியே வெளியே இருக்கட்டும். அப்போதுதான் நீர்த்துளி பையின் வெளிப்பக்கம் படியும், பூவில் படியாது. பெரிய வளையம் ஃப்ரீசருக்குள் போகாது என்பதால் நான் கட்டும் முன்பே, காய்ந்த கொத்துகளாக இருக்கும்போது இதைச் செய்துவிடுவேன். கோழிக்கொண்டையை மட்டும் அதற்கும் முன்னால் ஒரு காகிதத்தின் மேல் தட்டிவிடுங்கள். மடிப்புகளுக்குள் இருக்கும் கறுப்பு விதையெல்லாம் கொட்டும். இல்லையென்றால் அதையும் வண்டு என்று நினைத்துப் பயப்படுவீர்கள்.

ஆறு வயது மகள் கூடவே உட்கார்ந்து கட்ட ஆசைப்படுகிறாள். அரளிப்பூவும் குன்றிமணியும் நிறைய இருக்கின்றன. சேர்க்கலாமா?

இரண்டுமே வேண்டாம். அரளி காய்ந்தாலும் அதன் விஷம் போகாது. குன்றிமணியின் தோல் உடைந்தோ துளைபட்டோ வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, ஆமணக்கு விதையும் அப்படித்தான். வளையத்திலிருந்து ஒரு மணி உதிர்ந்து தரையில் உருண்டால் குழந்தை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். சிவப்பு வேண்டுமானால் கோழிக்கொண்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து வையுங்கள். மகளுக்குக் கொத்து சேர்க்கும் வேலையைக் கொடுங்கள், கம்பி உங்களிடம் இருக்கட்டும். இன்னொன்று: காய்ந்த பூ சட்டென்று பற்றிக்கொள்ளும். வளையத்தின் நடுவில் மெழுகுவத்தியோ விளக்கோ வைத்துப் படம் எடுக்கிறார்கள், தயவுசெய்து வைக்காதீர்கள்.

தூசியை எப்படித் தட்டுவது? ஹேர் ஸ்ப்ரே அடித்தால் நீண்ட நாள் இருக்குமா? பழசாகிவிட்ட வளையத்தை என்ன செய்யலாம்?

தூசிக்கு மென்மையான பெயிண்ட் பிரஷ், அல்லது ஹேர் டிரையரைக் குளிர் காற்றில், மெதுவான வேகத்தில், ஒரு கை தூரத்திலிருந்து. ஹேர் ஸ்ப்ரே எனக்குப் பிடிப்பதில்லை. உதிர்வது கொஞ்சம் குறையும், உண்மைதான், ஆனால் தூசி ஒட்டிக்கொண்டால் பிறகு பிரஷ்ஷுக்கும் வராது. புல் கதிருக்கு மட்டும் லேசாக அடிக்கலாம்.

எடுத்து வைக்கும்போது அட்டைப் பெட்டியில் மெல்லிய காகிதம் சுற்றி வையுங்கள், பூ நசுங்காமல் படுக்க வேண்டும். பழசானதைப் பிரிக்கப் பின்பக்கம் இருக்கும் கம்பி முடிச்சை மட்டும் வெட்டினால் போதும். வெட்டாமல் ஒரே கம்பியாகச் சுற்றியிருந்தால் அது அப்படியே உருவிக்கொண்டு வரும். கம்பித் துண்டு ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஸ்ப்ரே அடிக்காத பூக்களை உரக்குழியில் போடுங்கள். கொடி வளையம் இன்னும் பல முறை தாங்கும். வாடாமல்லி உருண்டைகளை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். உதிர்த்தால் பஞ்சு மாதிரி வரும் செதில்களுக்குள் விதை இருக்கும். வளையம் வெயிலில் கிடக்காமல், ரொம்பப் பழசாகாமல் இருந்தால் அதில் ஒரு பகுதியாவது முளைக்கும். நெருக்கமாகவே தூவுங்கள், மேலே மெல்ல ஒரு படலம் மண் போதும்.